போர்த்துகீசியப் பர்த்திசீப்பியுவும் தமிழ் எச்சங்களும்: நடுநிலை வகுப்பு மாணவர்க்கான ஒரு விளக்கமுறை

முன்னுரை

தமிழுக்கு ஐரோப்பியர் எழுதி இன்று கிடைக்கும் இலக்கணங்களுள் காலத்தால் முந்தியது போர்த்துகீசிய மொழியில் அமைந்தது. முத்துக்குளித்துறையில் சமயப்பணி ஆற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் (அண்டிரிக் அடிகளார், 1520–1600) ஏறத்தாழ 1549இல் எழுதிய ‘ஆர்த்தெ த லிங்குவா மலபார்’ என்னும் அந்நூலின் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஹான்ஸ் வெர்மீர் 1982இல் அதனைப் பதிப்பித்தார். ஜீன் ஹெய்ன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. இவற்றை மூலமொழியில் படிக்க விழையும் தமிழாய்வாளர் போர்த்துகீசியம் கற்கத் தொடங்கும்போது முதலில் இடறும் இடங்களுள் ஒன்று ‘பர்த்திசீப்பியு’ எனப்படும் வினைவடிவம். இடறலுக்குக் காரணம் அவ்வடிவத்தின் அருமை அன்று. ஆங்கிலவழிப் பழக்கத்தால் அதனைப் ‘பெயரெச்சம்’ என்று மொழிபெயர்த்துவிட்டு மேலே செல்வதே காரணம்.

இச்சமன்பாடு ஆய்வாளரோடு நிற்பதில்லை; பள்ளி வகுப்பறைக்கும் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வினைமுற்றையும் எச்சத்தையும் அடுத்தடுத்த இயல்களில் கற்பிக்கிறது. அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரில் அவ்வகுப்பில் பயிலும் மாணவர், அதே ஆண்டில் ஆங்கிலப் பாடத்தில் ‘பார்ட்டிசிப்பிள்’ என்னும் சொல்லையும் எதிர்கொள்ளக்கூடும். இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடுவது எளிது. ஒன்றல்ல என்பதைப் பன்னிரண்டு, பதின்மூன்று அகவையினர்க்கு விளங்கச் சொல்ல இயலுமா என்பதே வினா. இயலும்; அதற்கு வேண்டிய கருவி நன்னூலிலேயே இருக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பர்த்திசீப்பியுவின் பெயர்ப்பால், எண் வேறுபாடுகள் வெளிப்படையாக நிற்பதால், ஆங்கிலத்தைவிடப் போர்த்துகீசியமே இவ்வேறுபாட்டைக் காட்ட ஏற்றது.

போர்த்துகீசியச் சொற்கள் இங்குத் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. உயிரிடையே நிற்கும் தனித் தகரம் ‘பாதி’ என்பதில் போல மெலிந்தும், இரட்டித்த தகரம் ‘பாத்தி’ என்பதில் போல வலிந்தும் ஒலிக்கும். இவ்விரண்டும் வேறுவேறு ஒலியன்களாக நிற்கும் அம்மொழியைத் தமிழ் மாணவர் தம் எழுத்தைக் கொண்டே பெரிதும் பிழையின்றி ஒலித்துவிடலாம்.

பெயர்களுக்குப் பின்னுள்ள நோக்கு

எச்சம் என்னும் பெயர் குறைவைக் குறிக்கிறது. சொல் முடிவுபெறவில்லை, முடிக்கும் சொல் ஒன்றை அது வேண்டி நிற்கிறது. முடிக்கும் சொல் பெயராயின் பெயரெச்சம், வினையாயின் வினையெச்சம். பர்த்திசீப்பியு என்னும் பெயரோ பங்கைக் குறிக்கிறது. கிரேக்க இலக்கணிகள் ‘மெத்தொகே’ என்றதை உரோமர் ‘பர்த்திசீப்பியும்’ என்று பெயர்த்தனர். பெயரின் இயல்பிலும் வினையின் இயல்பிலும் பங்குகொள்வது என்பது பொருள். ஒரு மரபு அச்சொல்லுக்கு அப்பால் எது வரவேண்டும் என்று பார்க்கிறது. மற்றது அச்சொல்லுக்குள் எவை கலந்துள்ளன என்று பார்க்கிறது.

வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால், பெயரும் வினையுமாகப் பங்குகொள்ளும் தமிழ்ச்சொல் பெயரெச்சம் ஆகாது. வேற்றுமை உருபு ஏற்பதும் காலம் காட்டுவதும் ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்வது வினையாலணையும் பெயரே. ‘வெட்டியவனை’ என்பதில் ஐயுருபும் உண்டு, இறந்தகாலமும் உண்டு. பழைய கிரேக்க, இலத்தீன் பர்த்திசீப்பியங்கள் வேற்றுமை ஏற்றுக் காலமும் காட்டியவை. அவற்றுக்கு நேர் வைக்கத்தக்கது இதுதான். இருந்தும் பெயரெச்சத்துக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் அதனை ‘ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்’ என வழங்கினார். திராவிட மொழிகளில் இணைப்புப் பிரதிப்பெயர் இன்மையால் அதன் பணியையும் இவ்வடிவமே செய்கிறது என்பது அவர் கருத்து. ‘ரிலேட்டிவ்’ என்னும் அடைமொழியில்தான் அவருடைய நுண்மை இருந்தது. பிற்காலப் பயன்பாட்டில் அடைமொழி நழுவிப் பெயர்மட்டும் நின்றுவிட்டது.

தோன்றுவதும் எஞ்சுவதும்

பெயரெச்சத்தை வரையறுக்கும் நன்னூல் நூற்பா (340) ஓர் அரிய பகுப்பைத் தருகிறது. செய்த, செய்கின்ற, செய்யும் என்னும் வாய்பாடுகளில் காலமும் செயலும் வெளிப்படத் தோன்றும். பாலும், செய்பவன் முதலிய அறுபொருட் பெயரும் எஞ்சி நிற்கும் என்பது அதன் கருத்து. தொல்காப்பியர் செய்யும், செய்த என இரு வாய்பாடுகளே கூற, நன்னூலார் நிகழ்காலத்துக்குத் தனி வாய்பாடு அமைத்தார். எவ்வாறாயினும், எவை தோன்றும், எவை எஞ்சும் என்று கேட்கும் முறை எந்த மொழியின் வினைவடிவத்துக்கும் பொருந்தும் சோதனையாகிறது.

அச்சோதனையைப் பர்த்திசீப்பியுவுக்கு வைத்துப் பார்க்கலாம். ‘வெட்டு’ என்னும் பொருளுடைய ‘கொர்த்தார்’ என்னும் வினையின் பர்த்திசீப்பியு ‘கொர்த்தாது’. கல்லைக் குறிக்கும் ‘பெத்ரா’ பெண்பாற்சொல் ஆதலின் ‘பெத்ரா கொர்த்தாதா’ என வரும். கற்கள் எனின் ‘பெத்ராஸ் கொர்த்தாதாஸ்’. செயல் தோன்றுகிறது, பால் தோன்றுகிறது, எண்ணும் தோன்றுகிறது. காலம்? ‘கல் வெட்டப்பட்டது’, ‘கல் வெட்டப்படும்’ என்னும் இரு தொடர்க்கும் பர்த்திசீப்பியு ‘கொர்த்தாதா’ ஒன்றே. முன்னது ‘ஃபொய் கொர்த்தாதா’, பின்னது ‘ஸெரா கொர்த்தாதா’. காலத்தைத் துணைவினை சுமக்கிறது. பர்த்திசீப்பியு காட்டுவது செயலின் நிறைவை மட்டுமே.

ஆகவே இரு வடிவங்களும் எதிரெதிர் நிற்கின்றன. பெயரெச்சத்தில் காலம் தோன்றிப் பால் எஞ்சும். பர்த்திசீப்பியுவில் பால் தோன்றிக் காலம் எஞ்சும். ‘வந்த மகன், வந்த மகள், வந்த மாடுகள்’ என மாறாச் சொல்லை வழங்கிப் பழகிய மாணவர்க்கு முதலில் சொல்லவேண்டியது இதுவே. போர்த்துகீசியம் கற்கும் தமிழர் மிகுதியாகச் செய்யும் பிழை பால் இயைபை விட்டுவிடுவது என்றால் அதற்குக் கவனக்குறைவு காரணம் ஆகாது. எஞ்சவேண்டியதை எஞ்சவிடுகின்றனர், தம் இலக்கணத்தை அவர்கள் சரியாகவே பின்பற்றுகின்றனர்.

பால் இயைபைக் கற்பிக்கப் புதுச்சொற்கள் தேடவேண்டுவதில்லை. சன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. மாணவர் வீட்டிலேயே இருப்பவை. ஜனெலா, ஷாவெ, மேஸா மூன்றும் பெண்பால், அர்மாரியு ஆண்பால். ‘திறந்த சன்னல்’ என்பது ‘ஜனெலா அபெர்த்தா’. ‘திறந்த அலமாரி’ என்பது ‘அர்மாரியு அபெர்த்து’. ‘தொலைந்த சாவி’ என்பது ‘ஷாவெ பெர்தீதா’. பெயர்கள் இங்கு வந்தபோது அவற்றின் பாலைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தன. அதனைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது மாணவர்க்கு விளையாட்டாகவே அமையும்.

அறுபொருளும் ஒருபொருளும்

மேற்கூறியது வடிவ வேறுபாடு. பொருள் தலைகீழாகும் இடம் வேறொன்று. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சூழ்ந்த ஆலத்தியூர்ப் பகுதி மாணவர்க்கு எடுத்துக்காட்டு எளிது: வெட்டிய ஆள், வெட்டிய உளி, வெட்டிய சுரங்கம், வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய கல். ‘வெட்டிய’ என்னும் சொல் ஆறிடத்தும் மாறவில்லை. அதற்கும் பெயருக்கும் உள்ள உறவை உருபு எதுவும் சொல்லவில்லை. கேட்போர் உலகறிவால் உணர்கின்றனர்.

இவற்றை ‘வெட்டிய = கொர்த்தாது’ என்னும் சமன்பாட்டால் பெயர்த்தால் என்ன ஆகும்? ‘பெத்ரா கொர்த்தாதா’ சரியாக வரும். ‘ஓமெய்ன் கொர்த்தாது’ என்றால் கல்லை வெட்டிய ஆள் என்று பொருள்படாது. வெட்டுப்பட்ட ஆள் என்றே பொருள்படும். உளியும் வெட்டுண்ட உளியாகும். ‘வெட்டிய நாள்’ பொருளற்ற தொடராகும். செயப்படுபொருள் குன்றாவினையின் பர்த்திசீப்பியு, பொதுவிதியாக, ஆறில் ஒன்றாகிய செய்பொருளை மட்டுமே தழுவும். ஏனைய ஐந்துக்கும் ‘கெ’ என்னும் இணைப்புப் பிரதிப்பெயரும் வினைமுற்றும் வேண்டும். வெட்டிய ஆள் ‘ஓமெய்ன் கெ கொர்த்தோ’, வெட்டிய உளிக்குக் கருவிப்பொருள் தரும் ‘கோம்’ என்னும் முன்னிடைச்சொல் சேர்ந்து ‘கோம் கெ’, நாளுக்கு ‘எய்ம் கெ’, இடத்துக்கு ‘ஓந்தெ’. தமிழ் சொல்லாமல் விடும் வேற்றுமை உறவைப் போர்த்துகீசியம் ஒவ்வொரு முறையும் சொல்லியே தீர்கிறது.

எனவே மாணவர்க்கு ஒரே விதி போதும்: பெயரெச்சத்தை அடுத்து வரும் பெயர் செய்பொருளா என்று பார்க்க, ஆம் எனின் பர்த்திசீப்பியு வரலாம், அன்றெனின் ‘கெ’ வரும். இன்னும் எளிதாக, ‘வெட்டிய’ என்பதை ‘வெட்டப்பட்ட’ என்று மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். வெட்டப்பட்ட கல் பொருந்துகிறது. வெட்டப்பட்ட நாள் இக்கருத்தில் பொருந்தவில்லை. செயப்படுபொருள் குன்றியவினைகளில் மட்டும் விதி சற்றுத் தளரும். ‘இறந்த யானை’ என்பதில் யானை வினைமுதல். எனினும் ‘எலெஃபாந்த்தெ மோர்த்து’ என்று சொல்வது மரபு.

யானையைப் பற்றிப் பேசும்போது உரையாசிரியர்கள் நினைவுக்கு வருவர். ‘புலிகொல் யானை’ என்னும் தொடர் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்னும் தடுமாற்றத்தைத் தொல்காப்பிய உரைகள் விளக்குகின்றன. பின்வரும் சொல்லே அதைத் தீர்க்கும் என்பது அவர்கள் முடிபு. பர்த்திசீப்பியுவில் இத்தடுமாற்றம் எழாது. ‘மோர்த்து’ என்ற அளவிலேயே யானை உயிரோடு இல்லை என்பது உறுதி. ஆனால் அங்கு வேறொரு மயக்கம் உண்டு. ‘மத்தார்’ (கொல்), ‘மொரேர்’ (இற) ஆகிய இரு வினைகளுக்கும் ‘மோர்த்து’ பொதுவாக வருவதால், யானை தானே இறந்ததா, கொல்லப்பட்டதா என்பது சொல்லளவில் தெரியாது. ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு மயக்கத்தை வைத்துக்கொண்டுதான் இயங்குகிறது போலும்.

துணைவினையோடு வரும்போது

பர்த்திசீப்பியு பெயரோடு மட்டும் நிற்பதில்லை, துணைவினையோடும் சேரும். ‘தீஞா கொர்த்தாது’ என்பதைத் தமிழில் ‘வெட்டியிருந்தான்’ என்போம். இங்கு ‘வெட்டி’ என்பது ‘செய்து’ வாய்பாட்டு வினையெச்சம். ஒரே போர்த்துகீசிய வடிவத்துக்கு ஓரிடத்தில் பெயரெச்சமும் வேறிடத்தில் வினையெச்சமும் நேராகின்றன. பர்த்திசீப்பியுவை ஒற்றைத் தமிழ்க் கலைச்சொல்லால் பெயர்க்கக்கூடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. சன்னலையும் சாவியையும் ஏற்றுக்கொண்ட மொழிக்குப் ‘பர்த்திசீப்பியு’ என்ற பெயரையும் அவ்வாறே வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை.

இவ்விடத்தில் ஒரு பயனுள்ள ஒழுங்கு தென்படுகிறது. ‘தேர்’ என்னும் துணைவினையோடு வரும்போது பர்த்திசீப்பியு பால், எண் காட்டாது. வெட்டியவள் பெண்ணாயினும், வெட்டப்பட்டவை பல கற்களாயினும் ‘கொர்த்தாது’ என்றே நிற்கும். ‘ஸேர்’, ‘எஸ்த்தார்’ ஆகியவற்றோடு வரும்போது எழுவாயோடு இயையும்: ‘பெத்ராஸ்’ எழுவாயாயின் ‘கொர்த்தாதாஸ்’. தமிழ்நோக்கில் இதைச் சொல்வதானால், ‘செய்து’ வாய்பாட்டோடு இரு முதலிய துணைவினை வருமிடத்தில் பர்த்திசீப்பியு மாறாது. ‘செய’ வாய்பாட்டோடு படு வருமிடத்திலும் (வெட்டப்பட்டது), பெயரெச்சமாக வருமிடத்திலும் இயையும். வினையெச்சம் என்று பொதுப்படச் சொன்னால் போதாது. வினையெச்சத்துக்குப் பன்னிரண்டு வாய்பாடுகளை நன்னூல் (343) பிரித்துரைத்ததன் பயன் இங்கே விளங்கும். எட்டாம் வகுப்பு மாணவர் பன்னிரண்டையும் அறிய வேண்டியதில்லை. வெட்டி, வெட்ட என்னும் இரண்டின் வேறுபாடு அறிந்தால் போதும்.

‘தேஞு கொர்த்தாது’ என்னும் நிகழ்காலத் துணைவினைத் தொடரை ‘வெட்டியிருக்கிறேன்’ என்று பெயர்ப்பது பலர் செய்வது. அது ஆங்கில வடிவத்தின் நிழல். போர்த்துகீசியத்தில் அத்தொடர் அண்மைக்காலமாகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்து இன்றும் தொடரும் செயலைச் சுட்டும். ‘வெட்டி வருகிறேன்’ என்பதே நேர். ஆங்கிலத்தில் சுற்றிவளைத்துச் சொல்லவேண்டிய இந்நுட்பத்தைத் தமிழ் ‘வா’ என்னும் துணைவினையால் ஒரே அடியில் சொல்லிவிடுகிறது. பொதுவாக ஐரோப்பிய மொழியொன்றைத் தமிழர் ஆங்கிலத்தின் வழியே கற்கின்றனர். குறுக்குவழி என்று கருதப்படும் அது இங்கே சுற்றுவழியாகிறது.

வடிவங்கள்

வடிவ விதி எளிது. ‘-ஆர்’ ஈற்று வினைகள் ‘-ஆது’ என்றும், ‘-ஏர்’, ‘-ஈர்’ ஈற்று வினைகள் ‘-ஈது’ என்றும் முடியும்: ஃபலார் (பேசு) ஃபலாது, கொமேர் (உண்) கொமீது, பர்த்தீர் (புறப்படு) பர்த்தீது. விதிக்கு அடங்காதவை அன்றாடச் சொற்களே: ஃபெய்த்து (செய்), தீத்து (சொல்), வீஸ்த்து (காண்), எஸ்க்ரீத்து (எழுது), அபெர்த்து (திற), போஸ்த்து (வை). இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

சில வினைகளுக்கு இரு பர்த்திசீப்பியுக்கள் உண்டு. அச்சிடுதலைக் குறிக்கும் ‘இம்ப்ரிமீர்’, ‘தேர்’ துணைவினையோடு ‘இம்ப்ரிமீது’ என்றும், ‘ஸேர்’ துணைவினையோடும் பெயரடையாகவும் ‘இம்ப்ரெஸு’ என்றும் வரும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ஒரு ‘லீவ்ரு இம்ப்ரெஸு’. ‘மத்தாது’, ‘மோர்த்து’ என்பனவும் இவ்வகையின. இன்றைய வழக்கில் ‘பாகு’ (செலுத்திய) போன்ற குறுவடிவங்கள் இரு துணைவினைகளோடும் பரவிவருகின்றன.

‘வா’ எனப் பொருள்படும் ‘வீர்’ என்னும் வினைக்கு மட்டும் பர்த்திசீப்பியுவும் ‘-ந்து’ என முடியும் ‘ஜெரூந்தியு’ வடிவமும் ஒன்றே: ‘வீந்து’. தமிழ் ‘வந்து’ என்பதோடு ஒலியும் பொருளும் ஒத்திருப்பது தற்செயல்; மாணவர் நினைவில் வைக்க உதவும் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. ஜெரூந்தியு பெரும்பாலும் ‘பேசிக்கொண்டு’ என்பதுபோல் உடனிகழும் செயலைக் காட்டும். பிரேசில் பள்ளி இலக்கணங்கள் இதனையும் பர்த்திசீப்பியுவையும் ‘இன்ஃபினித்தீவு’ என்னும் வடிவத்தையும் சேர்த்து ‘வினையின் பெயர்த்தன்மை வடிவங்கள்’ என ஒரே பாடமாக வைக்கின்றன.

ஏலாக்குறிச்சியின் முன்மாதிரி

வேற்று மொழியைத் தம் இலக்கண வகைமைகளால் விளக்குவது புதிதன்று. ஹென்றிக்கஸ் தமிழ் வினைகளை இலத்தீன், போர்த்துகீசிய இலக்கண வகைமைகளில் அடுக்கினார். இலத்தீன் அறியாதவர் 1540இல் வெளிவந்த ஜொவாவ் தெ பாரோஸின் போர்த்துகீசிய இலக்கணத்தைத் துணைக்கொள்ளலாம் என்றார். அந்நூலைக் கற்கவிருந்தோர் போர்த்துகீசியர் ஆதலின் அம்முறை பொருத்தமே.

இருவழியும் நடந்து காட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747). இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றிய அவர், ஐரோப்பியக் குருமாருக்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். 1728இல் நிறைவுற்ற அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1730இல் தமிழர்க்காகத் தமிழில் இயற்றிய தொன்னூல் விளக்கத்திலோ எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் தமிழ் மரபின் ஐந்து அதிகாரங்களையே மேற்கொண்டார். மொழி ஒன்றே; கற்போர் மாறியதால் வகைமை மாறியது. இந்த நடைமுறை அறிவைத் திருப்பி வைத்துப் பார்ப்பதே இங்கு வேண்டப்படுவது. தமிழ் மாணவர் போர்த்துகீசியம் கற்கும்போது அவர்க்குத் தெரிந்த வகைமை எச்சமும் அறுபொருளும் வாய்பாடும். அவற்றைக் கொண்டு தொடங்கி, அவை பொருந்தாத இடங்களை வெளிப்படையாகக் காட்டுவதே நேர்மையான பாடமுறை.

பாடவரிசையில் ஒன்றை மட்டும் தள்ளிவைப்பது நல்லது. செய்பொருளையே தழுவும் என்ற விதிக்கு மாறாகச் சில பர்த்திசீப்பியுக்கள் செய்பவனைத் தழுவும். படித்தலைக் குறிக்கும் ‘லேர்’ என்னும் வினையின் ‘லீது’ அவற்றுள் ஒன்று. ‘லீவ்ரு லீது’ என்றால் படித்த நூல். ‘ஓமெய்ன் லீது’ என்றால் படித்த மனிதர், அதாவது நூலறிவு மிக்கவர். பல நாடு சுற்றியவரை ‘வியஜாது’ என்பதும், வாய்திறவாதவரைக் ‘கலாது’ என்பதும் இவ்வாறே. தமிழில் ‘படித்த’ என்பது நூலுக்கும் மனிதருக்கும் ஒருங்கே செல்வதால், இத்தொடர் மாணவர்க்கு முதற்பார்வையிலேயே விளங்கிவிடும். விளங்கிவிடுவதாலேயே, அதுகாறும் கற்ற விதியைக் கைவிடவும் தூண்டும். ‘வெட்டிய ஆள்’ பிழையின்றிக் கைவந்த பிறகு ‘படித்த மனிதர்’ வரட்டும்.